அடுத்த மனுவை எழுதும் முன்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நலச் சங்கங்களின் தலைவர்களே, செயலாளர்களே, சந்தாவைத் தவறாமல் கட்டும் உறுப்பினர்களே,



நம் தெருமுனையில் மாலை நாலு மணிக்குச் சாக்கு விரித்துக் கடை போடுகிறவர்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. கீரைக்கட்டு, கூறு கட்டிய தக்காளி, மீன் கூடை, முழம் போட்ட மல்லிகை, பிளாஸ்டிக் வாளி, நைட்டி, செல்போன் உறை என்று நீளும் அந்தக் கடைகளை அகற்றச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நம் சங்கங்கள் மனு கொடுத்தபடி இருக்கின்றன. நானும் அப்படியொரு சங்கத்தின் உறுப்பினன். மனுக்களின் வாசகம் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. போக்குவரத்துக்கு இடையூறு, சுகாதாரக் கேடு, வரி கட்டாத வியாபாரம், ஆகவே வேறு இடத்துக்கு மாற்றுக.

இந்த நாலு வரிகளிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நாம் மனு கொடுக்கும் மேசையைச் சுற்றிப் போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்று நமக்கே உரியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல், வாசலில் நின்று மனு நீட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு உண்டு. தெருவில் கடை போட்டுப் பிழைப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010இல் கைண்டா ராம் வழக்கில், இதற்கென்று ஒரு சட்டம் கொண்டு வாருங்கள் என்று அரசுக்குக் கெடுவே வைத்தது.

அந்தச் சட்டத்தின் நடுநாயகம் நகர விற்பனைக் குழு. மாநகராட்சி, நகராட்சி ஆணையர் அல்லது பேரூராட்சிச் செயல் அலுவலர் அதன் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காடு, வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மிச்ச இடங்களில் காவல் துறை, திட்டக் குழுமம், வணிகர் சங்கம், வங்கி, தொண்டு நிறுவனம் என்று பலருக்கும் பங்கு. அந்தப் பட்டியலில் குடியிருப்போர் நலச் சங்கம் என்ற பெயரும் இருக்கிறது. எந்தத் தெருவில் கடை போடலாம், எந்தத் தெருவில் கூடாது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்குச் சான்றிதழ் என்பதெல்லாம் அந்தக் குழு வழியாகத்தான் போக வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இப்போது மனுவின் முதல் வரிக்கு வருவோம்.

நெரிசல் உண்மைதான். மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஆட்டோ நுழைந்தால் ஓட்டுநரின் பொறுமையும் நம் பொறுமையும் ஒன்றாகத் தீரும். ஆனால், கூட்டம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக ஓரிடத்தை விற்பனை கூடாத பகுதி என்று அறிவிக்க முடியாது என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சான்றிதழ் தருவதைக் கட்டுப்படுத்தலாம். ஏற்கெனவே இருப்பவர்களை அதைச் சொல்லி எடுக்க முடியாது. வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்கிறது சட்டம். கணக்கெடுப்பில் அப்படி அடையாளம் காணப்பட்ட சந்தையை விற்பனை கூடாத பகுதியாக்க முடியாது. அது ஐம்பது ஆண்டுகளைக் கடந்ததென்றால் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றவே கூடாது. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், கோயில் வாசல் ஆகிய இடங்களில் சந்தை கூடுவது தற்செயலல்ல. மக்கள் கால் போகும் வழியில் அது முளைக்கிறது. கூட்டம் இருப்பதால் சந்தை வந்தது. சந்தையை எடுத்தால் கூட்டம் போய்விடும் என்று நினைப்பது காரியத்தைக் காரணமாக்குவது.

தெருவின் அகலத்தை வேறு யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் அளந்து பார்ப்போம். கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஆறடிக்கு நாலடிச் சாக்கு விரித்து உட்காருகிற தரைக்கடை ஐந்துக்கு அது போதும். நம் அடுக்ககங்களுக்கு வெளியே, பொது நிலத்தில், ஒரு பைசா கொடுக்காமல் இரவும் பகலும் நிற்கும் கார்களைப் பற்றி எந்தச் சங்கமாவது மனு எழுதியதுண்டா? ஐந்து குடும்பங்களுக்குச் சோறு போட அந்த இடத்தை மாலையில் சில மணி நேரம் மறித்தால் ஆக்கிரமிப்பு. அதே இடத்தில் ஒரு வண்டி உறை போட்டு நாள் முழுக்க நின்றால் அது ‘பார்க்கிங்’.

நெரிசலுக்கு மருந்து நேரப் பங்கீடு. ஒரே இடத்தைக் காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர், அல்லது குறிப்பிட்ட மணிநேரம் மட்டும் பயன்படுத்துவதற்குச் சட்டம் வழி விடுகிறது. நேரம் முடிந்ததும் சரக்கையும் சாமானையும் எடுத்துப் போவது வியாபாரியின் கடமை என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பல்லாவரத்துப் பழைய டிரங்க் சாலையில் நூறாண்டுக்கும் மேலாக வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. செடிக்கன்று, கிராமபோன் பெட்டி, பழைய மின்விசிறி, புறா என்று எல்லாம் கிடைக்கும். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அது சாலை. பொள்ளாச்சியிலிருந்து மணப்பாறை வரை கிழமையின் பெயரால் சந்தையை நினைவு வைத்துக்கொள்ளும் ஊர்கள் எத்தனை! பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று பழந்தமிழில் பெயர் உண்டென்று மேடையில் பெருமை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, நம் தெருவின் அல்லங்காடியை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம்.

இரண்டாவது வரி, குப்பை. முட்டைக்கோசின் வெளித்தழை, அழுகிய தக்காளி, மீன் கழுவிய தண்ணீர், பாலித்தீன் பை. இரவு பத்து மணிக்கு அந்தத் தெரு பார்க்கச் சகிக்காது என்பதை மறுக்கவில்லை. தான் உட்காரும் இடத்தையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருப்பது வியாபாரியின் பொறுப்பு என்று சட்டமும் சொல்கிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: சுகாதாரக் கேடு முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வருவது, உள்ளாட்சியால் சரிசெய்யவும் முடியாதது என்றால்தான் அதைக் காரணம் காட்டி விற்பனையைத் தடுக்கலாம். குப்பைத் தொட்டி வைக்காத, கடை எடுக்கும் நேரத்துக்கு வண்டி அனுப்பாத, ஒரு குழாய்கூடப் போடாத நகராட்சி, அழுக்கைக் காட்டி வியாபாரியை எழுப்ப முடியாது.

கழிப்பறையையும் இங்கே பேசியாக வேண்டும். விடியற்காலை மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்து, இரவு ஒன்பது வரை தெருவில் உட்காரும் பெண்கள் போவதற்கு இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அவர்களுக்குத் தொழிலோடு வரும் நோய்கள். நம் சங்கம் ஒரு மனு எழுதுவதாக இருந்தால் அந்தத் தெருமுனையில் ஒரு கழிப்பறை வேண்டும் என்றே எழுதலாம். அது வியாபாரிக்கு மட்டுமல்ல, நடைப்பயிற்சிக்குப் போகிற நம் வீட்டு மூத்தவர்களுக்கும் உதவும்.

மூன்றாவது வரி, வரி கட்டாத வியாபாரம். வாடகையும் சொத்து வரியும் கட்டி எதிரில் கடை நடத்தும் மளிகைக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தெருவில் உட்காருகிறவர் சும்மா உட்காரவில்லை. பல ஊர்களில் சந்தைச் சுங்கம் ஏலத்தில் போகிறது. குத்தகை எடுத்தவரின் ஆள் தினமும் வந்து காசு வாங்குகிறார். ரசீது எப்போதும் வருவதில்லை. அதற்கு மேல் மாமூல் தனி. அதற்கும் மேல் முதலுக்கு வட்டி.

அந்த வட்டியின் கணக்கு நம் மனுவோடு நேரடியாகத் தொடர்புள்ளது. காலையில் கோயம்பேட்டு மொத்தச் சந்தையில் சரக்கெடுக்கக் கையில் பணம் வேண்டும். வங்கி தராத இடத்தில் தண்டல்காரர் தருகிறார். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்து, நாள்தோறும் வந்து தவணை வாங்குவார். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. தண்டல்காரர் இன்னும் மாலையில் வந்துகொண்டுதான் இருக்கிறார். நம் மனுவுக்குப் பலனாக ஒருநாள் மாலை லாரி வருகிறது. தராசு, தார்ப்பாய், கூடை எல்லாம் ஏறிப் போகின்றன. பறித்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும், கேட்டு வந்தால் கெட்டுப்போகும் சரக்கை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். கீரைக்கு அன்றைக்கே என்பதும் தாமதம்தான். அன்றைய விற்பனை போயிற்று, நாளைக்குச் சரக்கெடுக்கக் காசில்லை, தண்டல் மட்டும் நிற்காது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். நாம் போட்ட ஒரு கையெழுத்து, ஒரு வீட்டில் பல வாரங்களுக்குத் தவணையாக ஓடுகிறது. அடுத்த வாரம் அவரே அதே இடத்தில் திரும்ப உட்காருவார். அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே மனுவால் நமக்கும் லாபமில்லை.

இந்தச் சுழலை அறுப்பது சான்றிதழும் அடையாள அட்டையும்தான். 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் சாலையோர வியாபாரிக்கு முதல் கடனாக 10,000 ரூபாய், அதை ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று ஈடு கேட்காமல் வங்கியில் கிடைத்தது; முதல் இரண்டு தொகைகள் பின்னர் உயர்த்தப்பட்டன. வட்டியில் 7 விழுக்காட்டை அரசு திருப்பித் தருகிறது. இதற்கு உள்ளாட்சியின் அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அட்டை உள்ளவர் பராமரிப்புக் கட்டணத்தை நேரே உள்ளாட்சிக்குக் கட்டுகிறார், ரசீது கேட்கிறார். மாமூல் கேட்பவருக்கு அட்டையைக் காட்டுகிறார். வரி கட்டாத வியாபாரம் என்று நொந்துகொள்ளும் நாம், அவர் பெயர் கணக்கில் ஏற வேண்டும் என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

நமக்கும் இதில் காப்பு இருக்கிறது. சான்றிதழ் பெறுகிறவர் தானே விற்க வேண்டும், அல்லது குடும்பத்தார் விற்கலாம். வேறு வருமானம் இருக்கக் கூடாது. இடத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. பகுதியின் மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு என்ற வரம்பும் உண்டு. நாற்பதாயிரம் பேர் வாழும் வார்டில் ஆயிரம் பேர். ஒரே ஆள் பத்து வண்டி வாங்கித் தெருவுக்குத் தெரு ஆள் வைத்து ஓட்டுவதையும், ‘இந்த இடம் என் பெயரில்’ என்று யாரோ வசூல் செய்வதையும் இதைக் கொண்டுதான் தடுக்க முடியும்.

கடைசி வரி, வேறு இடம். இதில்தான் நம் ஊர் அனுபவம் அதிகம். சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கூரை கிடைத்தது. பழைய புத்தகம் தேடி வந்த கூட்டம் முன்போல் கூடவில்லை. பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013இல் பல மாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். படியேறி யாரும் வருவதில்லை என்பது அங்கே போனவர்கள் அன்றுமுதல் சொல்லிவரும் குறை. நடந்து போகிறவர் கண்ணில் பட்டு, நின்று, விலை கேட்டு, பேரம் பேசி வாங்குகிற பொருளை இரண்டாம் மாடிக்கு ஏற்றினால் அந்தப் பொருளின் வியாபாரமே வேறாகிவிடுகிறது. இடம் மாற்றுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய பிழைப்பு குறையாத இடமாக இருக்க வேண்டும், திட்டமிடுவதில் அவர்களையும் சேர்க்க வேண்டும், முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டம் வலியுறுத்துவது இதனால்தான்.

இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தால் கதை வேறு. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலை மீன் கடைகளை எடுக்க முனைந்தபோது நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே சாலையோரம் மாநகராட்சியின் மீன் அங்காடி திறந்தது. படகு கரையேறும் இடத்துக்கும் மீன் விற்கும் இடத்துக்கும் இடையே தூரம் கூடவில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையையும் நினைத்துப் பாருங்கள். விவசாயிக்கு அட்டை, வாடகையில்லாத கடை, தராசு, மூட்டையோடு ஏறப் பேருந்து என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தார்கள். அரசுக்கு இது தெரியாத வேலையல்ல.

‘சிங்கப்பூரைப் பாருங்கள்’ என்பது நம் கூட்டங்களில் தவறாமல் எழும் குரல். சரி, பார்ப்போம். 1968–69இல் தெருவில் விற்றுக்கொண்டிருந்த ஏறக்குறைய 18,000 பேரை அங்கே முதலில் பதிவு செய்தார்கள். பிறகு வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் பக்கத்தில் தண்ணீர், சாக்கடை, மின்சாரத்தோடு உணவங்காடிகளைக் கட்டிக் கட்டி நகர்த்தினார்கள். 1986 வரை ஆயிற்று. 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அந்த அங்காடி வாழ்க்கை இடம்பெற்றது. எண்ணியது முதலில், கட்டியது அடுத்து, நகர்த்தியது கடைசியில். நாமோ நகர்த்துவதில் தொடங்குகிறோம்.

அந்தச் சந்தை யாருக்கானது என்பதையும் யோசியுங்கள். நம் அடுக்ககத்தில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, இரவுக் காவலர், மேஸ்திரியோடு வரும் சித்தாள் எல்லாரும் மாலையில் அங்கேதான் வாங்குகிறார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு கூறு கத்தரிக்காயும், அதோடு கொசுறாகக் கறிவேப்பிலையும் எந்தச் செயலியும் கொண்டுவந்து தராது. இரவு எட்டரைக்கு மேல் விலை இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு வருவார்கள். அங்கே நின்று காய் பொறுக்கும்போது வீட்டுக்காரரும் வேலைக்காரரும் ஒரே தராசுக்கு முன்னால் முறை வரக் காத்திருக்கிறார்கள். நகரத்தில் அப்படி நிற்க வேறு இடம் ஏது? 2021 மே மாதம் தளர்வில்லா ஊரடங்கில் கடைகள் எல்லாம் மூடியபோது, தள்ளுவண்டியிலும் குட்டியானையிலும் காய்கறி அனுப்பித்தான் அரசு நம் தெருக்களைச் சமாளித்தது. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று வாட்ஸாப் குழுக்களில் அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம்தான்.

இதனால் நமக்குக் கேட்க ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. நிறையக் கேட்கலாம். சக்கர நாற்காலி போகும் அளவுக்கு நடைபாதையில் வழி விட வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய நடுவில் இடைவெளி வேண்டும். தரையில் கோடு போட்டு அதைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ச் சட்டியும் எரிவாயு உருளையும் பள்ளி வாசலில் கூடாது. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதை நிறுத்தி, முறையான இணைப்பு தர வேண்டும். ‘கிலோ இருபது, கிலோ இருபது’ என்று பதிவு செய்த குரலில் ஓயாமல் கத்தும் ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும். இத்தனையும் நியாயம். இவற்றில் ஒன்றைக்கூட லாரி வந்து தீர்க்காது. வியாபாரிகளின் பிரதிநிதியும் ஆணையரும் காவல் ஆய்வாளரும் நம் ஆளும் ஒரே கூட்டத்தில் பேசினால் தீரும்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ‘நடைபாதைக் கடைகளை அகற்றுதல்’ என்ற பொருளை எடுத்துவிட்டு, ‘நகர விற்பனைக் குழுவில் நம் இடம்’ என்று எழுதுங்கள். நம் ஊரில் கடைசியாகக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, குழு எத்தனை முறை கூடியது, குடியிருப்போர் சார்பில் அதில் யார் இருக்கிறார் என்று ஆணையரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். நம் செயற்குழுக் கூட்டத்துக்குத் தெருமுனைக் கடைக்காரர்களில் ஒருவரையும் அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் எத்தனை மணிக்குக் கடை எடுக்க முடியும், குப்பையை எங்கே சேர்க்க முடியும் என்று நேரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் நம் சங்கமும் அவர்கள் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். வழக்கமாக எதிரெதிராக நிற்கிற இரண்டு பேரின் கையெழுத்து ஒரே தாளில் இருந்தால், அந்தத் தாளை ஓரமாக வைப்பது எந்த அலுவலகத்துக்கும் எளிதல்ல.

இப்படிக்கு,
உங்களைப் போலவே அந்தத் தெருவில் குடியிருப்பவன்,
அந்தச் சந்தையில் காய் வாங்குபவன்.